நின்றபடி ஓடிய கார்

புதுச்சேரி உப்பளத்தில் பழைய துறைமுகத்துப் பக்கம், வலைக் கிடங்கு ஒன்றின் சுவரை ஒட்டிப் போட்ட தகரக் கொட்டகைதான் யாகூப்பின் கடை. கார் ஏசி மட்டும் பார்ப்பான். பிரேக் பிடிக்கவில்லை, கிளட்ச் போய்விட்டது என்று வருகிறவர்களை நாலு கடை தள்ளியிருக்கும் மெக்கானிக்கிடம் அனுப்பிவிடுவான். கடையில் அவனைத் தவிர ஆள் கிடையாது. ஏசி வேலைக்கு அவசரக் கை ஆகாது, அதனால்தான் ஆள் வைக்கவில்லை என்று கேட்டவர்களிடம் சொல்வான். உண்மை என்னவென்றால், இன்னொருவனோடு பேசிக்கொண்டே ஒரு நாளைக் கழிப்பது எப்படி என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

பதினோரு வருடம் ஷார்ஜாவில் இருந்தவன். அங்கே ஒரே அறையில் எட்டுப் பேர், ஆளுக்கொரு ஷிப்ட். தூங்குகிறவனை எழுப்பிவிடக் கூடாது என்று எல்லோரும் சத்தமில்லாமல் நடக்கப் பழகியிருந்தார்கள். ஊர் திரும்பி மூன்று வருடமாகியும் யாகூப் தன் வீட்டுக்குள் அப்படித்தான் நடந்தான். முல்லா வீதியில் இருக்கும் அந்த வீடு அவன் உழைப்பில் கட்டியதுதான். ஆனாலும் துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது, குளியலறைக் குழாயை எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்பதையெல்லாம் அவன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மனைவி ஜரினா குறை வைக்காமல் கவனித்துக்கொண்டாள். மகள் நூரீனுக்குப் பதினாலு வயது. அவளும் அம்மாவும் அரை வார்த்தையில் பேசி முழுதாகச் சிரிப்பார்கள். அவன் உள்ளே நுழைந்ததும் அந்தச் சிரிப்பு முடிந்துவிடும். "அத்தா வந்துட்டாங்க" என்று மகளின் குரல் கேட்கும். அதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் நீட்டிய காலை மடக்கிக்கொள்கிறோமே, அப்படி.

ஷார்ஜாவிலிருந்து கொண்டு வந்ததில் அவன் யாரையும் தொடவிடாத பொருள் ஒன்று இருந்தது. ஸ்கேனர். செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதில் சின்னத் திரை, கூடவே ஒரு முழத்துக்கு ஒயர். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகிவிட்டால் எஞ்சினின் கம்ப்யூட்டர் தனக்கு என்னென்ன ஆனது என்று வரிசையாகச் சொல்லிவிடும். 2008இல் புதுச்சேரியில் அப்படி ஒன்றை வைத்திருந்தவர்கள் பெரிய ஷோரூம்காரர்கள்தான். மற்றவர்கள் பைப்பைத் தொட்டுப் பார்த்து, கேஸ் இறங்கிவிட்டது என்று சொல்லி ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாகூப்புக்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு பிரியம் உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். மழுப்பாது.

அந்தச் சித்திரையில், வெயில் தகரத்தைப் பிளந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய வெள்ளைக் கார் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அறுபதைத் தொட்டிருப்பார். கலியமூர்த்தி என்று பேர் சொன்னார். பாகூரைத் தாண்டி, கடலூர் எல்லைக்குள் நிலம் உள்ள குடும்பம், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டு நெல்லித்தோப்பில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறவர். கூட அவர் மனைவி பாக்கியலட்சுமி, பட்டுப்புடவையில். அரியாங்குப்பத்தில் ஒரு காதுகுத்துக்குப் போகும் வழியில் காரைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள்.

"ரெண்டு தபா கேஸ் ஏத்தியாச்சு பாய்," என்றார் கலியமூர்த்தி. "அப்பவும் திடீர்னு கூலிங் கட் ஆவுது. கொஞ்ச நேரம் விட்டா தானா வருது. மறுபடி போயிடுது."

"ஓடும்போது கட் ஆவுதா, நிக்கும்போதா சார்?"

கலியமூர்த்தி மனைவி பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ஓடும்போதுதான். கடலூர் போற ரோட்டுல. தவளக்குப்பம் தாண்டுனா ஆவுது."

யாகூப் அந்த அம்மாளுக்கு மின்விசிறிக்குக் கீழே ஸ்டூல் எடுத்துப் போட்டான். பானட்டைத் திறந்து, அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்தான். கேஸ் சரியாக இருந்தது. கம்ப்ரசரில் கோளாறு இல்லை. கையை உள்ளே நீட்டினால் காற்று ஜில்லென்று வந்தது. ஓடும்போது கட் ஆகிறது என்பதுதான் அவனுக்கு இடித்தது. ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சர் தன்னால் ஆறிவிடும். ஸ்கேனரை எடுத்துவந்து செருகினான். திரையில் ஒரே ஒரு பழுதுக் குறியீடு இருந்தது. ரேடியேட்டர் ஃபேனின் இரண்டாவது ஸ்பீடு வேலை செய்யவில்லை. அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பழுது ஏற்பட்ட அந்த நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும். அதையும் திறந்தான்.

மூன்று வருடத்தில் அவன் திரையைப் பார்த்துச் சொன்னதை நின்று கேட்டவர்கள் குறைவு. இந்த இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அவன் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"பாருங்க சார், ஓடும்போது இல்ல. வண்டி நின்னுட்டு இருக்கும்போதுதான் ஆயிருக்கு. ஸ்பீடு ஜீரோ. எஞ்சின் சும்மா ஓடிட்டு இருக்கு. சூடு நூத்தியாறு. வண்டிய ஸ்டார்ட் பண்ணி மூணு மணி பன்னெண்டு நிமிஷம் ஆயிருக்கு. அவ்வளவு நேரம் நிக்க வெச்சு ஏசி போட்டா, பெரிய ஃபேன் சுத்தாம எப்படி சார் தாங்கும்? அதான் எஞ்சினக் காப்பாத்த கம்ப்யூட்டர் ஏசிய நிறுத்திடுது."

ஸ்டூலிலிருந்து பாக்கியலட்சுமிதான் கேட்டார்.

"மூணு மணி நேரமா ஒரே இடத்துலயா நின்னுச்சு தம்பி?"

"முழுசாச் சொல்ல முடியாதும்மா. போற வர்ற நேரம் போவ, ரொம்ப நேரம் நின்னுருக்கணும். இல்லன்னா இவ்வளவு சூடு ஏறாது."

"எஞ்சின ஓட விட்டுட்டா?"

"ஆமாம்மா."

அந்த அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "கடலூர் கோர்ட்டுக்குத்தானே போறீங்க? வாரத்துல ரெண்டு நாளு? நிலத்துக் கேசுன்னு?"

"கோர்ட்டு வாசல்லதான் நின்னுருக்கும்," என்றார் கலியமூர்த்தி. "வெயிலு."

"நீங்க உள்ள கோர்ட்டுல. காரு வெளில எஞ்சின் ஓடிட்டு. யாருக்கு ஏசி?"

அப்போதுதான் யாகூப்புக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினான். ஃபேனை இயக்கும் ரிலே ஒன்று மாற்ற வேண்டும், சென்னையிலிருந்து வர மூன்று நாளாகும் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். கலியமூர்த்தி தலையாட்டினார். வந்தபோது முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பாக்கியலட்சுமி, போகும்போது பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை.

அன்று முழுவதும் யாகூப்புக்கு வேலை ஓடவில்லை. ராத்திரி சாப்பிடும்போது ஜரினாவிடம் சொல்லலாமா என்று நினைத்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஸ்கேனர் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். குழம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தான்.

மூன்றாம் நாள் ரிலே வந்தது. கலியமூர்த்தி தனியாக வந்தார். யாகூப் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"உங்க வேலைய நீங்க பாத்தீங்க. விடுங்க."

ரிலேயை மாற்ற அரை மணி நேரம்தான் ஆனது. "இனி ஒரு மணி நேரம் நிக்க வெச்சுப் பாக்கணும் சார். ஃபேன் சரியா எடுக்குதா, பிரஷர் எறங்குதான்னு ஸ்கேனர்ல பாத்துட்டுத்தான் தருவேன்."

கலியமூர்த்தி தெருவைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டார். "நிக்க வெச்சுத்தானே பாக்கணும்? அது எங்க நிக்குதோ அங்கயே பாருங்க. ஏறுங்க."

யாகூப் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்கேனரோடு ஏறினான். கார் தெற்கே கடலூர்ச் சாலைக்குப் போகவில்லை. ஊரைத் தாண்டி வடக்கே திரும்பியது. முத்தியால்பேட்டை கடந்தது, கோட்டக்குப்பம் கடந்தது. பிள்ளைச்சாவடியில் கலியமூர்த்தி சாலையோரம் ஒரு புங்கமரத்தடியில் காரை ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தாமல் கியரை மட்டும் எடுத்தார். மரத்துக்கு அந்தப் பக்கம் கடல் மணல். எதிர்ப்பக்கம் மூன்று நாலு ஓட்டு வீடுகள். அவற்றில் ஒன்றின் முன்புறம் தகர ஷீட் இறக்கி, உள்ளே ஒரு தையல் மெஷின் போட்டிருந்தது. மெஷினுக்குப் பின்னால் ஒரு பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு சின்னப் பையன் துணிப்பந்தை உருட்டிக்கொண்டிருந்தான்.

"எம் பொண்ணு. துர்கா," என்றார் கலியமூர்த்தி.

யாகூப் ஸ்கேனரைச் செருகி மடியில் வைத்துக்கொண்டான். எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

"நாலு வருஷமாச்சு. வெற்றிவேல்னு இந்த ஊரு மீன்புடிக்கிற பையன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சிட்டு நேரா வூட்டுக்குத்தான் வந்தா. ரெண்டு பேரும் வாசல்ல நின்னாங்க. நான்தான் கதவச் சாத்துனேன். எங்க சொந்தக்காரங்க பத்துப் பேரு உள்ள உக்காந்திருந்தாங்க. அவங்க பாக்கறாங்களேன்னு சாத்துனேன்." அவர் கண்ணை எடுக்காமல் பேசினார். "அதுக்கப்புறம் அவ வரல. பாக்கியமும் அவ பேர எடுத்ததில்ல. போட்டோவெல்லாம் எடுத்துப் பரண்ல போட்டுட்டா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் பேச்சு எடுத்தேன். எழுந்து உள்ள போயிட்டா. அவ மனசு அப்படி. கல்லு."

"எறங்கிப் போய்ப் பேசலாமே சார்."

"என்னான்னு பேசுவேன்? சாத்துனது நான்தானே." பையன் உருட்டிய பந்து சாலைப் பக்கம் வந்தது. அந்தப் பெண் எழுந்து ஓடிவந்து பையனைத் தூக்கிக்கொண்டு போனாள். கலியமூர்த்தியின் கை கதவுப் பிடி வரைக்கும் போய்த் திரும்பியது. "அம்பது அடி தூரம். அவளுக்கு இந்தக் காரே தெரியாது, நான் அப்புறம் வாங்குனது. கண்ணாடிய ஏத்திட்டா நான் இருக்கறதும் தெரியாது. கண்ணாடிய ஏத்துனா ஏசி வேணும். அவ்வளவுதான் பாய் உங்க மிஷின்ல வந்தது."

திரையில் பிரஷர் ஓர் எல்லையைத் தொட்டது. முன்னால் பெரிய ஃபேன் 'விர்' என்று எடுத்தது. எண்கள் மளமளவென்று இறங்கின. யாகூப் அதைப் பார்த்தான், ஆனால் சொல்லவில்லை. சொல்வதற்கு உகந்த நேரமாகத் தெரியவில்லை.

"உங்களுக்குப் பசங்க?" என்று கலியமூர்த்தி கேட்டார்.

"ஒரு பொண்ணு சார். நான் ஷார்ஜாவுல இருந்தப்போ ஃபோன்ல நல்லாப் பேசும். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பூத்துக்குப் போயி வரிசைல நின்னு பேசுவேன். ஸ்கூல்ல நடந்தது, பக்கத்து வூட்டுப் பூன குட்டி போட்டது எல்லாம் சொல்லும்." யாகூப் நிறுத்தினான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. "இப்ப ஒரே வூட்டுல இருக்கோம். பேச்சு வரல."

கலியமூர்த்தி திரும்பி அவனைப் பார்த்தார். ஏசியின் குளிர்ச்சியில் இருவரும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு யாகூப் இன்னொரு மனிதனோடு அத்தனை நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கிளம்பும்போது கலியமூர்த்தி, "இது நம்மளோட இருக்கட்டும்," என்றார். யாகூப் சரி என்றான். கடை வாசலில் இறக்கிவிட்டபோது, "வெள்ளிக்கிழம போறப்போ இந்தப் பக்கமா வரேன், டீ சாப்பிடலாம்," என்றும் சொன்னார். அந்த வார்த்தையை யாகூப் இரண்டு நாள் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கியவர் பாக்கியலட்சுமி.

வெயிலில் முகம் சிவந்திருந்தது. யாகூப் ஸ்டூலைப் போட்டான். உட்காரவில்லை.

"தம்பி, அந்த மிஷின்ல வண்டி எந்த ஊர்ல நின்னுச்சுன்னு தெரியுமா?"

"ஊரெல்லாம் காட்டாதும்மா."

"அப்ப அன்னிக்குச் சொன்னது?"

யாகூப் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தான். "அதுவே தப்பா இருக்கலாம்மா. பழைய மிஷினு. சில சமயம் தப்புத் தப்பா காட்டும்." அப்படி ஒரு வார்த்தையை அந்தப் பெட்டியைப் பற்றி அவன் இதுவரை சொன்னதில்லை. சொல்லும்போது நாக்கு கூசியது.

பாக்கியலட்சுமி அவன் முகத்தையே பார்த்தார். "எங்க வூட்டுக்காரரு முப்பது வருஷமா எங்கிட்ட பொய் சொல்லப் பழகுறாரு. அவருக்கே வரல. உங்களுக்கு எங்க வரப்போவுது?" பிறகு மெதுவாக உட்கார்ந்தார். "காரு டயரெல்லாம் கடல் மணலு. கடலூர் கோர்ட்டுல ஏது கடல் மணலு? போயிட்டு வந்தா ராத்திரி சோறு எறங்கறதில்ல. செவுத்தப் பாத்துப் படுத்துக்கறாரு. எனக்கு அம்பத்தஞ்சு வயசு தம்பி. இந்த வயசுல ஒரு பொம்பளையப் பத்திக் கேட்டுகிட்டு உங்க கடைல வந்து நிக்கறேன். எனக்கே அசிங்கமா இருக்கு. இருக்காளா இல்லயா, அத மட்டும் சொல்லிடுங்க."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிற ஆளாகத் தெரியவில்லை. ஆனாலும் தோள் குலுங்கியது.

யாகூப் கலியமூர்த்திக்குக் கொடுத்த வார்த்தையை நினைத்தான். நாளைக்குச் சாப்பிடலாம் என்று அவர் சொல்லியிருந்த டீயை நினைத்தான். சொல்லாமல் விட்டால் இந்த அம்மாள் எதை எதையெல்லாம் நினைத்துக்கொண்டு அந்த வீட்டில் படுத்திருப்பார் என்பதையும் நினைத்தான்.

"பொம்பளதாம்மா," என்றான். "உங்க பொண்ணு."

மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பாக்கியலட்சுமி முந்தானையை எடுத்தார்.

"பிள்ளைச்சாவடில தைக்கறாங்க. எதுத்தாப்புல வண்டிய நிறுத்திட்டு உள்ளயே உக்காந்து பாத்துட்டு வராரு. எறங்கறதில்ல. நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு நெனைக்கறாரு."

"நானா?" அந்த அம்மாளின் குரல் உயரவில்லை. "கதவச் சாத்துனவரு அவரு. அவருக்குப் பயந்துதான் நான் புள்ள பேரக்கூட எடுக்காம இருக்கேன். போட்டோவப் பாத்தா அவருக்குக் கோவம் வருமேன்னு பரண்ல போட்டேன். ஒரு நாளு அவரே பேச்செடுத்தாரு. அழுதுடுவேனோன்னு உள்ள ஓடிட்டேன்."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்பது போல, "நீங்க பாத்தீங்களா அவள?" என்றார்.

"பாத்தேம்மா."

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க. கொஞ்சம் மெலிவுதான். கண்ணாடி போட்டுருக்காங்க. மூணு வயசுல ஒரு பையன். துறுதுறுன்னு."

"கண்ணாடி போட்டுருக்காளா," என்றார் பாக்கியலட்சுமி. பேரன் இருக்கிறான் என்ற செய்தியைவிட அதுதான் அவரை ஆட்டிவிட்டது. "எப்போ போட்டா? பத்தாவது படிக்கறப்பவே தலவலி தலவலின்னுவா. நான்தான் படிக்க சோம்பேறித்தனம்னு திட்டுவேன்." அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். பிறகு எழுந்து, யாகூப்பின் முகத்தைப் பார்க்காமல், தெருவில் போன ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்து யாகூப் மூன்று மணி வரை கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கார் வரவில்லை. நாலு மணிக்கு செல்போன் அடித்தது.

"சொல்லிட்டீங்களா பாய்," என்றார் கலியமூர்த்தி. கேள்வியாக இல்லை.

"சார், அந்தம்மா வந்து..."

"நம்மளோட இருக்கட்டும்னு சொன்னேனே." அந்தக் குரலில் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் இருந்தது. வெயிலில் சட்டையில்லாமல் நிறுத்தப்பட்டவர் குரல் போல இருந்தது. லைன் துண்டானது. யாகூப் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டான். பிறகு விட்டுவிட்டான்.

கத்திரி தொடங்கியது. ஏசி வேலை குவிந்தது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் வண்டிகள் வந்தன, ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் வண்டிகள் வந்தன. காலையிலிருந்து சாயங்காலம் வரை யாகூப் தலையை பானட்டுக்குள் விட்டபடியே இருந்தான். வேலை முடித்து வண்டியை அனுப்பும்போது ஸ்கேனரில் பார்த்ததை முன்போல யாரிடமும் படித்துச் சொல்வதில்லை. "சரியாயிடுச்சு, எடுத்துட்டுப் போங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டான். வெள்ளைக் கார் ஏதாவது தெருவில் வேகம் குறைந்தால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கோட்டக்குப்பத்தில் ஏசி நின்றுபோன வேன் ஒன்றைப் பார்க்க மொபெட்டில் போனான். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்ப வேண்டியவன் வடக்கே விட்டான். ஏன் போகிறோம் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைச்சாவடி வளைவில் ஒரு பெட்டிக்கடையருகே வண்டியை நிறுத்தி, சோடா ஒன்று வாங்கிக்கொண்டு நின்றான்.

புங்கமரத்தடியில் அந்தக் கார் நின்றது. எஞ்சின் ஓடவில்லை. நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தன. டிரைவர் சீட்டில் கலியமூர்த்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பக்கம் தையல் கடையில் பாக்கியலட்சுமி நின்றிருந்தார். மெஷின் மேல் ஒரு ஜவுளிக்கடைப் பை. பையிலிருந்து எடுத்த ரவிக்கைத் துணி பிரித்துக் கிடந்தது. ரவிக்கை தைக்க வந்த யாரோ ஒரு பெண் போலத்தான் வந்திருக்க வேண்டும். துர்கா கழுத்தில் போட்டிருந்த டேப்பை எடுத்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய், ஒரு தோளிலிருந்து இன்னொரு தோள் வரை பிடித்தாள். ஒரு நோட்டில் குறித்தாள். கையின் நீளம் எடுத்தாள். குறித்தாள். பிறகு முன்னால் வந்து, மார்புச் சுற்றளவுக்காக இரண்டு கைகளையும் அம்மாவைச் சுற்றிக் கொண்டுவந்தாள். டேப்பின் இரண்டு முனைகளும் முன்னால் சேர்ந்தன. அவள் அளவைப் படிக்கவில்லை. கைகளை எடுக்கவும் இல்லை. பாக்கியலட்சுமியின் தலை மெல்ல மகளின் தோளில் சாய்ந்தது. சின்னப் பையன் இருவரையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தான்.

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கலியமூர்த்தி இறங்கியிருந்தார். சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்தவர், பெட்டிக்கடை வாசலில் சோடா பாட்டிலோடு நின்ற யாகூப்பைக் கண்டுகொண்டார். ஒரு கணம் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். யாகூப் கையைப் பாதி உயர்த்தினான். அவர் கையை உயர்த்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு பஸ் போகும்வரை பொறுத்திருந்து, எதிர்ப்பக்கம் நடந்தார். பஸ் கிளப்பிய புழுதி அடங்கியபோது அவர் அந்த ஷீட்டுக்குக் கீழே போய்விட்டிருந்தார்.

யாகூப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு மொபெட்டை எடுத்தான். தன்மேல் அவருக்கு இன்னும் கோபமா, இல்லை தன்னைப் பார்த்தால் அந்தக் கதவும் அந்தக் கறுப்புக் கண்ணாடியும் நினைவுக்கு வந்துவிடும் என்பதாலா என்று யோசித்துக்கொண்டே வந்தான். எதுவாக இருந்தாலும் இனி அவர் கடைப்பக்கம் வரமாட்டார் என்பது புரிந்துவிட்டது. முத்தியால்பேட்டையில் எதிரே கடல் காற்று மாறி அடித்தபோது கண்ணில் தூசி விழுந்தது. ஓரமாக நிறுத்தித் துடைத்துக்கொண்டான்.

கடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போனான். மூன்று மணிதான் ஆகியிருந்தது. கதவைத் திறந்த ஜரினா பயந்துபோனாள்.

"என்னங்க, ஒடம்புக்கு முடியலயா?"

"இல்ல. சும்மா வந்தேன்."

சும்மா என்பதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வழிவிட்டாள். கூடத்தில் நூரீன் தரையில் உட்கார்ந்து, கோடை விடுமுறை முடிவதற்குள் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் காலை மடக்கிக்கொண்டாள். யாகூப் நாற்காலியில் உட்காராமல் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். ஒரு பழுப்புத் தாளை எடுத்து மடித்துப் பார்த்தான். பிறகு, யாரிடம் என்று குறிப்பாக இல்லாமல், அந்தக் காரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.

ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. ஃபேனில் தொடங்கிக் காதுகுத்துக்குப் போய், ரிலேவுக்கு வந்து, பிறகு கதவு சாத்திய கதையைச் சொன்னான். ஜரினா நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டாள். நூரீன் ஸ்கேல் வைத்து அட்டையை மடித்துக்கொண்டே கேட்டாளா கேட்கவில்லையா என்பது தெரியவில்லை. டேப்பைப் பிடித்தபடி கைகளை எடுக்காமல் நின்றதைச் சொல்லி முடித்தபோது அவள் கையில் ஸ்கேல் நின்றிருந்தது.

"அந்தக்கா என்னா பேசுனாங்க?" என்று நூரீன் கேட்டாள். தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியல. நான் தூரத்துல நின்னுட்டிருந்தேன்."

"கிட்டப் போயிருக்கலாமில்ல அத்தா?"

"என்னான்னு போறது?" என்றான் யாகூப்.

நூரீன் அடுத்த புத்தகத்தை எடுத்தாள். ஜரினா, "டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. நாலு மணிக்கு மேட்டுப்பாளையம் வண்டி ஒன்று வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நேரமாகிறது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் யாகூப் எழாமல், டீ வரும் வரை, பழுப்புத் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.